அவருக்கும் சேர்த்து எடுத்த தகடு

பேக்கரி வரிசையில் நின்றபடி ஜாக்கெட் பைக்குள் கையை விட்டேன். இரண்டு தகடுகள் விரலில் பட்டன. ஒன்று என்னுடையது. மற்றது செல்வம் அங்கிளுடையது.

இரண்டும் ஈரமாக, குளிர்ந்துபோய் இருந்தன. வெளியே தகரத் தாழ்வாரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' நான்குதான் மிஞ்சியிருந்தன. எனக்கு முன்னால் நின்ற பெண் மூன்றை வாங்கிவிடுவாளோ என்பதுதான் அந்த நேரத்தில் என்னுடைய பெரிய கவலை.

அப்போது கடை வாசலில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. அங்கிள்தான் என்று திரும்பிப் பார்த்தேன். இறங்கியவர் அகலத் தொப்பி போட்ட ஒரு பண்ணைக்காரர். வண்டியின் பின் தட்டில் இரண்டு நாய்கள் நனைந்துகொண்டு நின்றன.

மலையிலிருந்து இறங்கும்போது விளக்குப் போட்டபடி என் பின்னால் வந்தது இந்த வண்டிதான். அதை அங்கிள் என்று நினைத்துக்கொண்டே நான் கீழே வந்திருக்கிறேன்.

செல்வம் அங்கிள் காட்டுக்குள் இருக்கிறார். காட்டின் கேட்டைப் பூட்டியாகிவிட்டது. பூட்டலாம் என்று சொன்னவன் நான்.

சேற்றுக்குப் போகிறவர்கள்

இந்தத் தொடரில் படகில் வந்த கதை, முகாமில் இருந்த கதை, வேலை தேடி அலைந்த கதை எல்லாம் எழுதிவிட்டேன். இதை மட்டும் வாரா வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். மற்றக் கதைகளில் எனக்கு யாரோ செய்தார்கள். இதில் நான் செய்தேன். எழுதக் கை வராததற்கு அதுதான் காரணம்.

அப்போது நான் மெல்பர்ன் ஓரத்தில் உள்ள கிரெய்கிபர்னில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்தேன். தற்காலிக விசா. சேற்றிலும் ஏறும், நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு கிழட்டு வண்டியை மலிவாக வாங்கி, நானே தட்டி நிமிர்த்திப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தேன். மளிகைக் கடைச் சுவரில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. காட்டுப் பாதைகளைப் பராமரிக்க வண்டி உள்ளவர்கள் தேவை, குடும்பத்தோடு வரலாம் என்று தமிழில் எழுதியிருந்தது.

என் மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஊரில றோட்டில்லாமல் சேத்துக்க உழக்கினது காணாதே? இஞ்ச இவ்வளவு நல்ல றோட்டை விட்டிட்டுச் சேறு தேடிப் போறியள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கூட்டம் நான் நினைத்தது போல் சும்மா வண்டி ஓட்டித் திரியும் கூட்டம் இல்லை. அதை நடத்தியவர் பிரேமா அக்கா. கோயம்புத்தூர்க்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் ஆக்கி, வன இலாகாவோடு ஓர் ஒப்பந்தமும் போட்டிருந்தார். மெல்பர்னுக்கு வடக்கே உள்ள அரசாங்கக் காட்டில் ஒரு பாதை எங்கள் பொறுப்பு. இலாகாவுக்கு ஆள் பற்றாது. நாங்கள் பாதையைப் பார்த்துக்கொண்டால், அது எல்லாருக்கும் திறந்திருக்கும்.

விழுந்த கிளைகளை இழுத்துப் போடுவோம். யாரோ எறிந்த பியர்ப் போத்தல்களைப் பொறுக்குவோம். சரிந்த அறிவிப்புப் பலகைகளை நிமிர்த்துவோம். மற்ற நேரமெல்லாம் வாய்க்கால் வெட்டுவதுதான். மழைத் தண்ணீரைப் பாதையில் ஓட விடக்கூடாது, பக்கத்தில் இறக்கிவிட வேண்டும். ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் போதும், ஒரே குளிர்காலத்தில் பாதை பள்ளமாகிவிடும். வண்டியைவிட மண்வெட்டிதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

குளிர்காலம் தொடங்கும்போது பாதையை மூடுவார்கள். ஈர மண்ணில் சக்கரம் ஏறினால் பாதையும் போகும், கீழே ஓடும் ஓடையும் கலங்கும். மூடுகிற நாளில் கடைசி முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கேட்டைப் பூட்டுவது எங்கள் சங்கத்தின் வேலை.

கேட்டுக்குப் பக்கத்தில் கொக்கிகள் வைத்த ஒரு பலகை உண்டு. உள்ளே போகும்போது ஒவ்வொரு வண்டிக்காரரும் தன் எண் பொறித்த தகட்டை அதில் கொழுவ வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை வெறுமையாக இருந்தால் காட்டுக்குள் ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் பூட்டு.

எனக்கு எண் என்றாலே ஆகாது. முகாமில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. படகுக்குச் சில எழுத்து, ஆளுக்கு ஓர் எண். காலையிலும் மாலையிலும் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை பிசகினால் எல்லாரும் வெயிலில் நிற்க வேண்டும். அதனால் பிரேமா அக்கா தகட்டை நீட்டிய அன்று எனக்குச் சுருக்கென்றது. முதல் வேலையாக ஆணியால் கீறி, நாலாம் எண்ணுக்குக் கீழே குணா என்று எழுதினேன்.

எண்ணுவதை ஒரு வெறும் சம்பிரதாயமாகத்தான் வைத்திருந்தேன். அந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

"அவருக்கும் ஒண்டு தாங்கோ"

செல்வம் அங்கிள் ட்ராம் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார். முழங்காலில் வாதம். ஆனால் வாயில் ஒரு வாதமும் கிடையாது. வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் ஏறினார் என்றால் இறங்க மாட்டார். காலநிலை, பெற்றோல் விலை, பிரேமா அக்கா போடும் சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போனது, எல்லாம் பேசுவார். நாங்கள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவ்வப்போது "ஓம் அங்கிள்" என்று மட்டும் சொல்லுவோம்.

அன்று திரும்பி வரும் வழியில், கேட்டிலிருந்து நாலு கிலோமீற்றர் உள்ளே, அவர் வண்டியை நிறுத்தினார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் அவருக்கு அடுத்ததாக நின்றேன். மழை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"தம்பி, இந்த வாய்க்கால் அடைச்சுப் போய்க் கிடக்கு. ஒரு மரக்குத்தி குறுக்க விழுந்து கிடக்கு, பாரும். இப்பிடி விட்டிட்டுப் போனா மாரி முழுக்கத் தண்ணி றோட்டாலதான் ஓடும். நீர் நடவும். நான் அஞ்சு நிமிசத்தில வாறன்."

"நானும் நிக்கிறன் அங்கிள். தனிய ஒருத்தரும் நிக்கக் கூடாது எண்டு அக்கா சொன்னவா."

"எனக்குச் சட்டம் படிப்பிக்காதையும். போம். போய் பேக்கரியில எனக்கும் ஒரு பை சொல்லி வையும்."

நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் அவர் ஒருமுறை "போம்" என்றால், "இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படித்தான் வளர்த்தார்கள். எனக்குப் பசியும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

கேட்டுக்கு வந்தபோது மழை சாட்டை போல் அடித்தது. இறங்கி ஓடிப் பலகையைப் பார்த்தேன். இரண்டு தகடுகள் தொங்கின. நாலும் ஏழும். நாலை எடுத்தேன். ஏழு அங்கிளுடையது. இந்த மழைக்குள், அந்த முழங்காலோடு, அவர் இறங்கி வரவேண்டுமே என்று பாவமாக இருந்தது. அதையும் எடுத்தேன்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயிலில் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தால், "வண்டிக்குள்ள அங்கிள் இருக்கிறார், அவருக்கும் ஒண்டு தாங்கோ" என்று கேட்டு வாங்குவோம். கல்யாண வீட்டில் வராதவருக்கும் சேர்த்துக் கதிரை பிடிப்போம். பெரியவரை எழும்ப விடாமல் அவர் வேலையை நாம் செய்வது எங்களுக்கு மரியாதை. ஏழாம் எண் தகட்டை நான் எடுத்தது அந்தப் பழக்கத்தில்தான். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

பிரேமா அக்கா பக்கத்துப் பாதையின் கேட்டைப் பூட்டப் போயிருந்தார். நான் தார் றோட்டில் ஏறும்போது கண்ணாடியில் ஒரு வெள்ளை வண்டியின் விளக்குகள் தெரிந்தன. அங்கிள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். ரேடியோவில் அக்காவின் குரல் வந்தது.

"குணா, போர்டு காலியா இருக்கு. எல்லாரும் வெளிய வந்தாச்சா? பூட்டிடவா?"

"ஓம் அக்கா, எல்லாரும் வெளியில. கெதியாப் பூட்டிப்போட்டு வாங்கோ. பை முடிஞ்சிடும்."

அவர் சிரித்தது கேட்டது. "எனக்குப் பை வேண்டாம். நான் இன்னைக்கு டூட்டிக்குப் போகணும், பூட்டிட்டு மறுபக்க ரோட்டுல நேரா போயிடறேன்."

தகடு எடுத்தாச்சு

பேக்கரி வரிசையை விட்டு வண்டிக்கு ஓடினேன். ரேடியோ மைக்கை அமத்திக் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் அலை எட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன். போனில் அடித்தேன். உள்ளே சிக்னல் இல்லை என்பதும் தெரியும்.

மற்ற வண்டிகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டன. அக்காவும் கேட்டைப் பூட்டிவிட்டு மறுபக்க றோட்டால் கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். நேரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. ஐந்தரைக்கு அங்கே இருட்டிவிடும்.

அப்போதே அக்காவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். நான் பண்ணவில்லை. வேறு வழியால் வெளியே வந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதையின் மறுமுனையில் உள்ள மேல் கேட்டை இலாகாக்காரர் காலையிலேயே பூட்டிவிட்டார்கள் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

போன் அடித்தது. அக்கா.

"குணா, செல்வம் அங்கிள் வீட்ல இருந்து ஆன்ட்டி கூப்பிட்டாங்க. வழியில சிக்னல் வந்ததும் போன் பண்றேன்னு சொன்னாராம், இன்னும் பண்ணலையாம். அவர் வெளிய வந்துட்டார்ல? டேக் எடுத்தாச்சுல்ல?"

"ஓம் அக்கா. தகடு எடுத்தாச்சு."

"அப்ப ஹைவேல எங்கயோ வண்டி நின்னுபோயிருக்கும். நான் ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டே போறேன்."

போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். நான் சொன்னதில் பொய் இல்லை. தகடு எடுத்தாச்சு. யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று மனம் வக்கீல் வேலை பார்த்தது.

எதற்குப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு விசா நேர்காணல். வருடக்கணக்காகக் காத்திருந்த நேர்காணல். உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும், இலாகா வரும். விதியை மீறினவன், பொய்த் தகவல் கொடுத்தவன் என்று ஏதோ ஒரு தாளில் என் பெயர் ஏறும். அந்தத் தாள் செவ்வாய்க்கிழமை அந்த மேசைக்கு வந்து சேரும். மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்தது. சீருடையைக் கண்டால் வியர்க்கிற உடம்பு எனக்கு. இப்படித் தாள் தாளாக நினைத்துக்கொண்டு இருபது நிமிடம் தாழ்வாரத்தில் நின்றேன்.

இருபது நிமிடம். மலையில் ஒரு மனிதர் நனைந்துகொண்டிருக்க, நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம் போனாலும் இதைக் கழுவ முடியாது.

பேக்கரிப் பெண் வெளிக் கதிரைகளை அடுக்கி உள்ளே எடுத்துப்போக வந்தாள். நான் நிற்பதைக் கண்டு, யாருக்காவது காத்திருக்கிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆமாம் என்றேன். "அவர் எப்போ வருவார்?" என்றாள்.

அவரால் வரமுடியாது என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். உடனே அக்காவுக்கு அடித்தேன்.

பூட்டின கேட்

"அக்கா, அங்கிளின்ர தகட்டை நான்தான் எடுத்தனான். அவர் வெளியில வரேல்ல. உள்ளுக்க இருக்கிறார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினார்.

"சாவி என்கிட்ட இருக்கு. நான் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். நீங்க அவசர எண்ணுக்கு அடிங்க. அடுத்தது கிரெக்குக்கு. கேட்டுல போய் நில்லுங்க. உள்ள நடந்து போயிடாதீங்க குணா, எனக்கு ரெண்டு பேரைத் தேட முடியாது."

கிரெக் எங்கள் பாதைக்குப் பொறுப்பான வன அதிகாரி. அவரிடமும் ஒரு சாவி உண்டு.

அவசர எண்ணில் பேசிய பெண் என் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். என் பெயர் நீளம். ஒவ்வோர் எழுத்தாக அவள் தட்டச்சு செய்வது கேட்டது.

கேட்டுக்கு வந்தபோது மழை தணிந்து குளிர் ஏறியிருந்தது. சங்கிலி கம்பத்தைச் சுற்றி இறுக்கமாகக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு "அங்கிள்" என்று கத்தினேன். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் குரல் அடுத்த வளைவுவரைகூடப் போயிருக்காது. பக்கத்தில் வெறும் பலகை. அதில் ஏழாம் கொக்கியைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கிரெக் பச்சைச் சீருடையில் வந்து இறங்கினார். கையில் தாள் பிடித்த அட்டை. தகடு எங்கே என்றார். ஜாக்கெட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். யார் எடுத்தது என்றார்.

நான் என்றேன். ஏன் என்றார். மழை, அவருக்கு முழங்கால் சரியில்லை என்றேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது. அவர் ஒரு வரி எழுதினார். பிறகு, கடைசியாக அவரைக் கண்ட இடத்தைச் சரியாகக் காட்ட முடியுமா என்றார்.

முடியும் என்றேன். ஏறு என்றார்.

காட்டுக்குள் ஒரு குரல்

ஒவ்வொரு அரைக் கிலோமீற்றருக்கும் கிரெக் என்ஜினை நிறுத்துவார். இருவரும் கண்ணாடியை இறக்கிக் கேட்போம். சொட்டுகிற தண்ணீர். எங்கோ ஒரு பறவை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் வாய்க்குள் என்ன பிரார்த்தித்தேன் என்று நினைவில்லை. இருக்கிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஏழாவதோ எட்டாவதோ முறை நிறுத்தியபோது காட்டுக்குள் பிரேமா அக்காவின் குரல் கேட்டது.

"குணா, நான் மலை ஏறிட்டேன். கேட்டுக்கு வந்துட்டு இருக்கேன். யாராவது இருக்கீங்களா?"

கிரெக்கின் வண்டியில் எங்கள் அலைவரிசை இல்லை. அக்காவோ இன்னும் வெளியே றோட்டில் இருக்கிறார். மரங்களுக்கு நடுவிலிருந்து அவர் குரல் எப்படி வரும்? பிறகுதான் விளங்கியது. அது அங்கிளின் வண்டி ரேடியோ.

வளைவைத் தாண்டினோம். வெள்ளை வண்டி கதவு திறந்தபடி நின்றது. அதிலிருந்து பத்தடி தள்ளி, வாய்க்காலுக்குள் அங்கிள் கிடந்தார். அவர் நெம்பிப் புரட்டிய மரக்குத்தி உருண்டு அவருடைய வலது காலை அமத்திக்கொண்டு கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் அவர் இடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. உதடு நீலம். நடுங்கக்கூட இல்லை. நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து என்று பிறகு அக்கா சொன்னார்.

கிரெக் நெம்புகோலைப் போட, நான் அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்தேன். அவர் என்னை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"தம்பி," என்றார். "பை கிடைச்சுதே?"

நான் விக்கி விக்கி அழுதேன்.

"நீங்கள் கதைச்சதெல்லாம் கேட்டனான். எல்லாரும் வெளியில எண்டு நீர் சொன்னது, பிரேமா சிரிச்சது. நான் இஞ்ச இருந்து கத்துறன். மைக் அங்க தொங்குது. கை எட்டேல்ல."

வாழ்க்கையில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். இது பேச்சுக்கூட இல்லை. நடந்ததைச் சொன்னார். இன்றைக்கும் நித்திரையில் அந்தத் திறந்த கதவையும், அதற்குள் தொங்கும் மைக்கையும், என் சொந்தக் குரலையும் காண்கிறேன்.

அம்புலன்ஸ் கேட்டடியில் நின்றது. கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று வைத்தியர் தொடங்கினாராம். அங்கிளின் மனைவி, எங்கள் அன்ரி, அதை முடிக்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கேட்டார்கள். இதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தத் தாள் அங்கே வரவேயில்லை. நான் இருபது நிமிடம் பயந்து நின்றது இல்லாத ஒன்றுக்கு.

சங்கத்தில் இப்போது புது விதி. அடுத்தவர் தகட்டை யாரும் தொடக்கூடாது, முழங்கால் இல்லாவிட்டாலும் அவரவர் இறங்கித்தான் எடுக்க வேண்டும். பூட்டுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பலகை வெறுமையான பிறகும் எல்லாரையும் என்ஜினை நிறுத்தச் சொல்வேன். மைக்கை எடுத்து, "உள்ளுக்க ஆரும் இருந்தா, நாங்கள் இன்னும் போகேல்ல. கேற்றடியிலதான் நிக்கிறம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

பதில் வருவதில்லை. யாரும் இல்லாததால் வரவில்லையா, கை எட்டாததால் வரவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் சங்கிலியைப் போடாமல், வண்டியைத் திருப்பிக்கொண்டு இன்னொருமுறை உள்ளே போவேன். செல்வம் அங்கிள் ஊன்றுகோலோடு பக்கத்துச் சீற்றில் ஏறிக்கொள்வார். அவர் கிடந்த அந்த வாய்க்காலைப் பார்த்த பிறகும் எனக்கு மனம் ஆறாது.

"இன்னும் ஒரு வளைவு பாத்திட்டு வருவம் அங்கிள்," என்பேன்.

எதற்கும் எதிர்க்கதை சொல்லுகிற மனிதர், அதற்கு மட்டும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "ஓம் தம்பி, பாப்பம்" என்பார்.